ஸ்லோவாக்கியாவில் ஓர் அரசு ஒப்பந்தத்தை ஆராய்வது எப்படி?

2007-இல் ஸ்லோவாக்கியாவின் கட்டுமான அமைச்சகம், ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடக்கவிருந்த பெரும் பணிக்கான டெண்டர் அறிவிப்பை, பொதுமக்கள் நுழைய முடியாத தன் தாழ்வாரத்துப் பலகையில் ஒட்டியது. அந்த வழக்கில் முன்னாள் அமைச்சர்கள் இருவர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றனர். 2011 முதல் அத்தகைய மறைவிடம் சுருங்கிவிட்டது: மத்திய ஒப்பந்தப் பதிவேட்டில் வெளியான மறுநாள்தான் அரசு ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும், மூன்று மாதத்துக்குள் வெளியாகாவிட்டால் அது செய்யப்படாததாகவே கருதப்படும்.

எனவே வதந்தியிலிருந்து தொடங்காமல் ஒப்பந்தத்திலிருந்தே தொடங்குங்கள். நிறுவனப் பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும் என்பதால், ‘இச்சோ’ எனப்படும் எட்டிலக்க அடையாள எண்ணைக் கொண்டு தேடுங்கள். கையெழுத்திட்ட நாள், வெளியான நாள், தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னிணைப்புகளையும் திறந்து பாருங்கள். விலைப்பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிற்சேர்க்கை ஒப்பந்தங்களைத் தவறாமல் கூட்டுங்கள். முதல் ஒப்பந்தத்தில் அடக்கமாகத் தெரியும் தொகை அவற்றின் வழியாக வளர்ந்திருக்கக்கூடும்.

அடுத்தது, 2017-இல் தொடங்கிய பொதுத்துறைப் பங்காளர் பதிவேடு. ஒரே தடவையில் 1,00,000 யூரோவுக்கு மேல் அரசிடமிருந்து பெறும் நிறுவனம், தன் ஆதாயத்தை இறுதியில் அனுபவிக்கும் மனிதர் யார் என்பதை இதில் காட்ட வேண்டும். வழக்கறிஞர் போன்ற ஒருவர் அதைச் சரிபார்த்து எழுதிய ஆவணமும் இங்கேயே கிடைக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள். உண்மை உரிமையாளரைக் கண்டறிய முடியாத நிலையில் உயர் நிர்வாகிகளின் பெயரைக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. அது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் பெயர்கள் மாறிய நாளும் ஒப்பந்த நாளும் நெருங்கி நின்றால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

வேலை நடந்ததா என்று பதிவேடு சொல்லாது. அதற்கு 2000-ஆம் ஆண்டின் 211-ஆம் எண் தகவல் சட்டத்தின்படி விண்ணப்பியுங்கள். காரணம் கூறத் தேவையில்லை. “எல்லா ஆவணங்களும்” என்று கேட்காமல், இன்ன ஒப்பந்தத்தின் ரசீதுகள், பணி ஒப்படைப்புச் சான்று என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பழைய வழிகாட்டிகள் சிறப்பு வழக்குத்தொடர்பு அலுவலகத்தை நாடச் சொல்லும். பெரிய ஊழல் வழக்குகளை நடத்திய அந்த அலுவலகம் 2024 மார்ச்சில் கலைக்கப்பட்டது; இதை நான் பெரும் இழப்பாகவே கருதுகிறேன். இப்போது புகாரைக் காவல்துறையிடமோ வழக்கமான அரசு வழக்குத்தொடர்பு அலுவலகத்திடமோ கொடுக்க வேண்டும். யாரையும் குற்றவாளி என்று எழுதாமல் நாள், தொகை, ஆவண எண் ஆகியவற்றை மட்டும் வரிசைப்படுத்துங்கள். எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தெரிவிக்குமாறு அந்தப் புகாரிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.