காட்ரிட்ஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி, இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு குன்னூரில் என் வீட்டுக்கு வந்தார். ஊசியைத் தாங்கும் டெனான் டிஎல்-103 காட்ரிட்ஜ், அதற்கென்று புதிதாக வாங்கிய 1:40 (மின்னழுத்தத்தை நாற்பது மடங்காக்கும்) ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர். "அண்ணா, சத்தம் வருகிறது, ஆனால் பாட்டில் உயிர் இல்லை" என்றார். பெட்டியைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பணத்தைத் தொலைத்ததும் இதே விகிதத்தில்தான்.

ஊசியில் தூசி, காட்ரிட்ஜ் கம்பிகளை மாற்றிச் செருகுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் பணத்தைத் தின்பவை வேறு.

விகிதம் கூடினால் நல்லது என்று நம்புவது

ஊசியோடு கம்பிச்சுருள் (காயில்) அசையும் மூவிங் காயில் (எம்சி) காட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் மிகக் குறைவு. டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். காந்தம் அசையும் மூவிங் மேக்னட் (எம்எம்) காட்ரிட்ஜுக்கென்று அமைந்த சாதாரண ஃபோனோ ஸ்டேஜ், அதாவது காட்ரிட்ஜின் சமிக்ஞையைப் பெருக்கும் பகுதி, எதிர்பார்ப்பதோ 3 முதல் 5 மில்லிவோல்ட். இந்த இடைவெளியை டிரான்ஸ்ஃபார்மர் நிரப்புகிறது. நாற்பது மடங்கு என்றால் 12 மில்லிவோல்ட் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் வாங்கினேன். விற்ற கடைக்காரரும் அதையே சொன்னார்.

டிரான்ஸ்ஃபார்மர் எதையும் இலவசமாகத் தருவதில்லை. மின்னழுத்தத்தை எத்தனை மடங்கு உயர்த்துகிறதோ, அத்தனை மடங்கு மின்னோட்டத்தைக் காட்ரிட்ஜிடமிருந்து கேட்கும். ஃபோனோ ஸ்டேஜின் உள்ளீடு தரும் 47,000 ஓம் சுமை, காட்ரிட்ஜின் கண்ணுக்கு 47,000 ஓமாகத் தெரியாது. விகிதத்தின் வர்க்கத்தால் அதை வகுக்க வேண்டும். 1:10 என்றால் 470 ஓம். 1:20 என்றால் 117. 1:40 என்றால் வெறும் 29.

டிஎல்-103-இன் உள்மறுப்பு, அதாவது அதன் காயிலுக்கே உள்ள மின்தடை, 40 ஓம். அதன் தலையில் 29 ஓம் சுமையை ஏற்றினால், எழும் மின்னழுத்தத்தில் பாதிக்கு மேல் காயிலுக்குள்ளேயே கரைந்துவிடும். 12 மில்லிவோல்ட் எதிர்பார்த்த இடத்தில் வருவது 5. ஆனால் 1:20-இலேயே 4.5 வந்துவிடுகிறது! அரை மில்லிவோல்ட்டுக்காக விகிதத்தை இரட்டிப்பாக்கி, காட்ரிட்ஜை மூச்சுத் திணற வைத்திருக்கிறோம். பர்லியாறு தாண்டி ஏற்றத்தில் போகும் பஸ்ஸை மேல் கியருக்கு மாற்றினால் எஞ்சின் என்ன பாடுபடும்? அதே பாடுதான்.

நான் வாங்கிய அந்த நாட்களில் என் வீட்டில், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் அடியோடு காணாமல் போனது. தம்புரா, மூடிய கதவுக்குப் பின்னால் ஒலிப்பதுபோல் இருந்தது. நான் காட்ரிட்ஜைச் சந்தேகித்தேன். பாதி விலைக்கு விற்று, அதே மாடலை மறுபடி வாங்கினேன். கேபிளை மாற்றினேன். ஐப்பசி மழையின் ஈரம் இசைத்தட்டுகளைக் கெடுத்துவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் கழுவிக் காய வைத்தேன். ஓராண்டு இப்படிப் போனது. கடைசியில் வெலிங்டனில் குடியிருந்த ஓய்வுபெற்ற வானொலி எஞ்சினியர் ஒருவர், தேநீர் ஆறுவதற்குள் ஒரு காகிதத்தின் பின்புறம் 47,000-ஐ 1,600-ஆல் வகுத்துக் காட்டினார். அந்த ஒரு வரிக் கணக்கை விற்பவர்கள் ஏன் சொல்வதில்லை என்று இன்றும் கோபம் வருகிறது. வாங்க வருபவரிடம் காட்ரிட்ஜின் உள்மறுப்பு எத்தனை ஓம் என்று ஒரு கேள்வி கேட்டால் போதுமே.

அந்த டிரான்ஸ்ஃபார்மரில் குறை இல்லை. சில ஆர்ட்டோஃபோன் எஸ்பியு மாடல்களைப் போல ஓரிரண்டு ஓம் மட்டுமே உள்மறுப்பு கொண்ட காட்ரிட்ஜுக்கு 29 ஓம் தாராளமான சுமை. டிஎல்-103-க்கு 1:10 அல்லது 1:20 போதும். ஃபோனோ ஸ்டேஜ் இரைச்சலில்லாததாக இருந்தால் நான் 1:10-ஐயே எடுப்பேன். கிடைப்பது 2.8 மில்லிவோல்ட்தான், ஆனால் தாளவாத்தியங்கள் நிமிர்ந்து நிற்கும். சுமை உள்மறுப்பைப்போல் பத்து மடங்கு இருப்பது நல்லது. இரண்டரை மடங்குக்குக் கீழே நான் இறங்குவதில்லை.

பெட்டியில் எழுதியிருக்கும் ஓமைத் தவறாகப் படிப்பது

'3 ஓம்', '40 ஓம்' என்று டிரான்ஸ்ஃபார்மரின் முகப்பில் இருப்பது பெரும்பாலும் எந்த உள்மறுப்புள்ள காட்ரிட்ஜுக்கு ஏற்றது என்பதைச் சொல்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் தரும் சுமை அதுவல்ல. கோத்தகிரித் தம்பியின் பெட்டியில் 3 ஓம் என்றே அச்சிட்டிருந்தது. எண் சிறிதாக இருந்தால் விகிதம் பெரிது.

ஃபோனோ ஸ்டேஜின் சுமையை 100 ஓமில் வைப்பது

டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் இருக்கும்போது அது 47,000-இலேயே இருக்கட்டும். 100 ஓமில் வைத்தால், 1:20 வழியாகக் காட்ரிட்ஜ் பார்ப்பது கால் ஓம். காட்ரிட்ஜின் இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கியதற்குச் சமம்.

எம்சி உள்ளீட்டில் செருகுவது

வேண்டாம். எம்எம் உள்ளீடுதான்.

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின் நீளக் கேபிள்

கேபிளின் மின்தேக்கமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு) விகிதத்தின் வர்க்கத்தால் பெருகியே காட்ரிட்ஜை அடைகிறது. 1:20-இல் 100 பிகோஃபாரட், 40,000 ஆகிவிடும். அரை மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்காக ஆம்ப்ளிஃபயரின் மேலேயே டிரான்ஸ்ஃபார்மரை வைத்துவிடாதீர்கள். அங்கிருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம் முழுவதும் இதற்குள் வரும். ஓர் அடி தள்ளி வைத்து, மெல்லத் திருப்பிப் பார்த்தால் ரீங்காரம் அடங்கும் கோணம் ஒன்று கிடைக்கும்.

மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்ப்பது

காட்ரிட்ஜிலும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மரிலும் கூடாது.

குளிரில் ஊசியை இறக்குவது

இது மலைக்காரர்களுக்கு மட்டும். ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் குளிரில் இறுகும். டிஎல்-103-இன் தண்டு இயல்பிலேயே விறைப்பானது. ஊட்டியில் உறைபனி விழும் தை மாதக் காலையில் அது இன்னும் விறைத்து, 'ச'வும் 'ஸ'வும் கீறலாகக் கேட்கும். தம்பிக்கு 1:10 மாற்றிக் கொடுத்த மறுவாரம், விடிந்தும் விடியாமலும் தொலைபேசியில் அழைத்து, பாடகரின் குரல் கிழிகிறது என்றார். விகிதத்தைத் தொட வேண்டாம், அறையில் ஹீட்டரைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள் என்றேன். பத்து மணிக்கு மறுபடி அழைத்தார். தொலைபேசியிலேயே கும்கி கேட்டது.