மருத்துவர் சொன்னதும் நான் செய்ததும்: என் அனுபவம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் பார்க்கும் எனக்கு, மனைவியுடன் இருக்கையில் விறைப்பு நிலைக்கவில்லை. ஆனால் கைப்பேசியில் ஆபாசக் காணொளி பார்க்கையிலும், தூங்கி எழுகையிலும் அந்தக் குறை இருக்கவில்லை. பேருந்து நிலையச் சுவரெல்லாம் ஒட்டியிருக்கும் லேகிய விளம்பரங்களை நம்பாமல், கோயம்புத்தூரில் ஒரு யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புச் சிக்கல்களைப் பார்க்கும்) மருத்துவரைப் பார்த்தேன்.

விறைப்புக் குறைபாடு சிலருக்கு இதய நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், அவர் முதலில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஆகியவற்றைப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆபாசக் காணொளி எல்லோருக்கும் விறைப்பைக் கெடுக்கும் என்று ஆய்வுகள் உறுதியாக நிறுவவில்லை என்றாலும், நொடிக்கொரு புதுக் காட்சிக்கும் சுய இன்பத்தின்போதான இறுக்கமான கைப்பிடிக்கும் பழகிய உடலுக்கு இயல்பான தொடுதல் போதாமல் போகலாம் என்றும், அதன்மேல் 'இன்றும் முடியாதோ' என்ற பதற்றம் ஏறிக்கொள்ளும் என்றும் விளக்கினார். எனக்குப் பதற்றம்தான் பெரிய பங்கு என்று தோன்றுகிறது.

வீட்டில் சொன்னபோது, "இதைச் சொல்றதுக்கா இத்தனை தயக்கமுங்க?" என்றுதான் மனைவி கேட்டாள். காணொளியை நிறுத்தி, கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். உறவு கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயமில்லாமல், மருத்துவர் சொன்னபடி, சில வாரங்கள் தொடுதலோடு மட்டும் நிறுத்திக்கொண்டோம். தொடக்கத்தில் ஆசையே மங்கியதுபோல் இருந்தது; பிறகு மெல்ல மெல்லச் சரியானது. மாத்திரை தேவைப்படவில்லை, பகல் தூக்கம்தான் இன்னும் சீராகவில்லை.