பழைய வீணைக்கு மேளம் கட்டுமுன்

பரணிலிருந்து இறக்கிய வீணை சுருதி சேரவில்லை என்றால் "மேளம் கட்டணும்", அதாவது தண்டியின் மெழுகில் மெட்டுகளைப் புதிதாகப் பதிக்கணும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பல வீணைகளில் கோளாறு மெழுகில் இருக்காது, குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரையில் இருக்கும். அதைச் சரிசெய்யாமல் 24 மெட்டையும் (விரலால் தந்தியை அழுத்தும் உலோகக் கட்டைகள்) கட்டினால், குதிரையைத் தொட்ட அன்றே அத்தனையும் பிசகிவிடும்.

முதலில் குதிரையின் கால்களைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். தந்தி இழுவிசைதான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஏழு தந்தியும் தளர்ந்தால் விழுந்துவிடும். குதிரையின் மேல்தகட்டில் தந்தி அறுத்த பள்ளம் இருந்தாலோ, தகடு அடியில் விட்டுப்போயிருந்தாலோ இரையும். பள்ளத்தை நைஸ் அரத்தால் ராவி, 400, 800 எண் எமரித் தாளில் (உப்புத்தாள்) தேயுங்கள்.

பிறகு குடத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சளசளத்தால் வெடிப்பு. வெடிப்புக்கு வஜ்ஜிரம் (தோல், எலும்பில் காய்ச்சும் பசை) போதும், வெந்நீர் பட்டால் பிரிந்துகொடுக்கும். எபாக்சி போட்ட குடத்தை அடுத்த ஆசாரி திட்டிக்கொண்டேதான் பிரிப்பார். மதுரை வெயிலில் பிரடை (தந்தியை முறுக்கும் முளை) சுருங்கி வழுக்கும். சாக்பீஸ் தூள் தடவினால் பிடிக்கும்.

இனி மெழுகு. பழையதைச் சூடான கத்தியால் வழித்தெடுங்கள், தீக்காட்டாதீர்கள். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியிலேயே உருகும். ஆகவே வெந்நீர்ச் சட்டிக்குள் வேறொரு பாத்திரம் வைத்து உருக்கி, சலித்த கரித்தூளைக் கலக்குங்கள். ஓர் உருண்டையை ஆறவிட்டு நகத்தால் அழுத்திப் பாருங்கள்: தடம் விழவேண்டும், வெண்ணெயாக உள்ளே போகக்கூடாது. சிலர் குங்கிலியமும் (மரப்பிசின்) சேர்ப்பார்கள். அது கூடினால் மெழுகு உதிரும், குறைந்தால் கத்திரி வெயிலில் மெட்டு நகரும்.

மெட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டே போகாதீர்கள். மேருவிலிருந்து (பிரடைப் பக்கம் தந்தியைத் தாங்கும் கட்டை) குதிரைவரை 80 செ.மீ. என்று வையுங்கள். குதிரையிலிருந்து அளந்தால் 12ஆம் மெட்டு 40, 24ஆம் மெட்டு 20, 7ஆம் மெட்டு 53.4, 5ஆம் மெட்டு 59.9. இவை நான்கும் நிலைத்தபின் மற்றவை. தந்தியை அழுத்தும்போது விசை ஏறிச் சுருதி சற்றுக் கூடும். ஆகவே மெட்டு கணக்கைவிட மயிரிழை மேரு பக்கம் போகும். எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். தந்தியின் நடுவில் விரலை லேசாகத் தொட்டு மீட்டினால் மேல் ஸட்ஜம் கேட்கும். 12ஆம் மெட்டில் அழுத்தும்போதும் அதே ஸட்ஜம் வரவேண்டும்.

ஒரு மெட்டில் மட்டும் இரைந்தால் அந்த மெட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்; குதிரைப் பக்கம் அடுத்துள்ளது உயர்ந்திருக்கும். எஃகு ஸ்கேலை மூன்று மெட்டுமேல் வைத்தால் ஆடிக் காட்டிக்கொடுக்கும்.

பழைய வீணையில் தந்தம், மான்கொம்பு இழைப்பு பெயர்ந்திருந்தால் புதிதாக வாங்கப் போகாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருப்பதைத் திருப்பி ஒட்டுங்கள். இல்லாத இடத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் போதும்.