சுருட்டை முடிக்கு எண்ணெய் ஈரத்திலதான்

தலை முழுகின கையோட, முடியில தண்ணி சொட்டேக்கயே நாலைஞ்சு துளி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில தேய்ச்சு நுனிப்பக்கமா பூசுங்கோ, பிறகு துவாயால உரஞ்சாமல் பழைய பருத்தி ரீசேட்டால பொத்திப் பொத்தி ஒத்தி எடுங்கோ. எண்ணெய் ஈரம் குடுக்காது, இருக்கிற ஈரத்தை வெளிய போக விடாமல் மூடும், அவ்வளவுதான், அதால காய்ஞ்ச முடியில எவ்வளவு ஊத்தினாலும் மேல மினுங்குமே தவிர உள்ளுக்கு வறட்சிதான். சுருட்டையில தலையில ஊறுற எண்ணெய் வளைவெல்லாம் தாண்டி நுனி வரைக்கும் இறங்காது, அதுக்குள்ள சோளகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற நேரம் கிளிநொச்சிக்கு மோட்டச்சைக்கிளில ஒருக்கா போய் வந்தா தும்புத்தடி மாதிரி வந்து நிக்கும் (ஹெல்மெட் போட்டாலும்தான்).

கேத்திலுக்குள்ள வெள்ளையா படை பிடிக்கிற கிணத்துத் தண்ணி எண்டால் இது மட்டும் காணாது, அந்த உப்புப் படை முடியிலயும் படியும், முழுகி முடிக்கேக்க கடைசிக் கோப்பையை மழைத்தண்ணியிலயோ பில்டர் தண்ணியிலயோ தலையில ஊத்திப்போட்டு எண்ணெயைப் பூசுங்கோ. பொடுகு இருக்கிற ஆக்கள் தலைத்தோலில எண்ணெய் படவே விடாதேங்கோ, கூடும். மெல்லிசான நேர் முடிக்கு இது சரிவராது, பிசுபிசு எண்டு ஒட்டிக்கிடக்கும்.