எச்ஐவி டெஸ்ட்டுக்கு எப்படி போறது, மாத்திரை எப்படி எடுக்கறது

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் இருக்கறவங்கள மனசுல வெச்சுதான் இத எழுதறேன். எங்க சித்தி பையன் விசைப்படகுல கடலுக்கு போறவன், டெஸ்ட் எடுத்தா இன்னா வருமோன்னு பயந்து ரெண்டு வருஷம் கம்முனு இருந்துட்டான், அப்புறம் டிபி வந்து எலும்பும் தோலுமா ஆனப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. அந்த ரெண்டு வருஷத்த நெனச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல.

எச்ஐவி வேற, எய்ட்ஸ் வேற. எச்ஐவின்றது கிருமி, நோயோட சண்ட போடற சிடி4ன்ற வெள்ளணுவ கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும். அந்த கவுண்ட் 200க்கு கீழ எறங்குனாலோ, சில பெரிய நோய் வந்து ஒட்டிக்கினாலோதான் எய்ட்ஸ்ன்னு சொல்றாங்க. அதுக்கு பல வருஷம் ஆகும், அதுவரைக்கும் ஆளு நல்லாத்தான் இருப்பாரு, மூஞ்சிய பாத்து யாராலயும் சொல்ல முடியாது, ரத்தத்த பாத்தாதான் தெரியும்.

டெஸ்ட்டுக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரில இருக்கற நம்பிக்கை மையத்துக்கு போங்க. நமக்கு கிட்ட ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு. வாசல்ல "நம்பிக்கை மையம் எங்க இருக்குது"ன்னு கேட்டா போதும், எச்ஐவின்னு வாயத் தொறந்து சொல்லணும்னு இல்ல, காசும் கெடையாது. கவுன்சலர் உங்கள தனியா உக்கார வெச்சு பேசுவாங்க, நீங்க சரின்னு சொன்னாதான் ரத்தம் எடுப்பாங்க. மொத டெஸ்ட்ல ஏதாச்சும் காட்டுனா வேற ரெண்டு டெஸ்ட்டும் போட்டு பாத்துட்டுதான் பாசிட்டிவ்ன்னு சொல்லுவாங்க, அதனால வெளிய எங்கயோ ஒரே ஒரு டெஸ்ட்ட பாத்துட்டு ஒடஞ்சு போயிடாதீங்க. எங்க சித்தி பையனுக்கு ஒரு பிரைவேட் லேப்ல நாலு பேர் உக்காந்திருக்கற எடத்துல ரிசல்ட்ட சத்தமா சொல்லிட்டாங்க, அவன் அப்படியே எழுந்து போயிட்டான், அத நெனச்சா இப்பவும் கோவம் வருது. 2017 எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம அத வெளிய சொல்லக் கூடாது, இத காரணம் காட்டி வேலைய விட்டு தூக்கவோ ஆஸ்பத்திரில சேக்க மாட்டேன்னு சொல்லவோ கூடாது.

போன வாரம்தான் காண்டம் இல்லாம உறவு நடந்துச்சுன்னா இன்னிக்கு நெகட்டிவ் வந்தாலும் அத நம்பி இருந்துடாதீங்க, ரத்தத்துல தெரிய நாளாகும், 3 மாசம் கழிச்சு திரும்ப பாருங்க.

காண்டம் கிழிஞ்சிடுச்சு, யாரோ போட்ட ஊசி குத்திடுச்சு, யாராச்சும் பலாத்காரம் பண்ணிட்டாங்கன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 72 மணி நேரத்துக்குள்ள பெப்ன்ற மருந்த ஆரம்பிச்சா கிருமி ஒடம்புல தங்காம தடுக்கலாம், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. பெரிய ஆஸ்பத்திரி கேஷுவால்ட்டிக்கு ஓடுங்க, 28 நாளும் விடாம முழுங்கணும். மத்தபடி எச்ஐவி வராம இருக்க காண்டம், புது ஊசி, லைசென்ஸ் இருக்கற பிளட் பேங்க், இவ்ளோதான். கொசுவால வராது, ஒரே தட்டுல சாப்டா வராது, ஒரே பாத்ரூம்ல போனா வராது, குழந்தைய தூக்கி கொஞ்சுனா வராது.

பாசிட்டிவ்ன்னா எச்ஐவிக்கு மருந்து குடுக்கற ஏஆர்டி மையத்துக்கு அனுப்புவாங்க, அதுவும் ஃப்ரீ. கவர்மெண்ட் 2004ல இந்த மருந்த இலவசமா குடுக்க ஆரம்பிச்சப்ப மொத எடங்கள்ல தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒண்ணு. முன்னெல்லாம் சிடி4 கொறையற வரைக்கும் காத்திருக்க வெச்சாங்க, 2017ல இருந்து யாருக்கு இருந்தாலும் ஒடனே ஆரம்பிக்கறாங்க. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலூடெக்ராவிர் மூணும் ஒரே மாத்திரைல, பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு. எங்க சித்தி பையனுக்கு டிபி மருந்தும் ஓடுனதால டோலூடெக்ராவிர் மட்டும் 12 மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு குடுத்தாங்க, அதனால டிபி இருந்தா மறைக்காம சொல்லுங்க. ஆன்டாசிட்ன்ற அல்சர் மருந்து, கால்சியம், இரும்பு மாத்திரை சாப்டறவங்களும் சொல்லிடுங்க, அதுக்கு 2 மணி நேரம் முன்னாடியோ 6 மணி நேரம் கழிச்சோதான் இத போடணும்.

கஷ்டம் எங்கன்னா தெனமும் விடாம முழுங்கறதுலதான். அவன் ஒரு வாட்டி கடலுக்கு போனா பத்து பதினஞ்சு நாள் ஆகும், டப்பால 30 மாத்திரை, படகு ஆடறப்ப கலகலன்னு சத்தம் வரும், கூட இருக்கறவங்க இன்னாடா அதுன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு மூடிக்கு கீழ பஞ்ச அமுக்கி வெச்சு, உப்புத் தண்ணி படாம ரெண்டு கவர் சுத்தி, சட்டத் துணிக்கு நடுவுல வெச்சிருந்தான். ராத்திரி 9 மணிக்கு செல்லுல அலாரம். மையத்துல கடலுக்கு போறேன்னு முன்னாடியே சொன்னதால தேவையான மாத்திரைய சேத்து குடுத்தாங்க, நீங்களும் வெளியூர் போறதா இருந்தா கேளுங்க. ஒரு நாள் மறந்துட்டா ஞாபகம் வந்ததும் போடுங்க, ரெண்டா சேத்து போடாதீங்க. ஒடம்பு தேறிடுச்சுன்னு நீங்களே நிறுத்திடவும் கூடாது, கிருமி அந்த மருந்துக்கு பழகி, அது வேல செய்யாம போயிடும்.

ஆறு மாசம் கழிச்சு, ரத்தத்துல கிருமி எவ்ளோ இருக்குன்னு பாக்கற வைரல் லோட்ன்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க. மருந்து ஒழுங்கா எடுத்து, அதுல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கொறஞ்சு, அப்படியே இருந்தா தாம்பத்தியத்துல அடுத்தவங்களுக்கு பரவாது. இத தெரியாமதான் எவ்ளோ குடும்பம் பிரிஞ்சு போகுது. இவன் சம்சாரத்துக்கு டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல, கவுன்சலர் ரெண்டு பேரையும் உக்கார வெச்சு இத சொன்னப்ப அந்த பொண்ணு அழுதுக்கினே அவன் கைய புடிச்சுது.

மாசமா இருக்கறவங்க மொத செக்கப்லயே எச்ஐவி பாக்க சொல்லுங்க. மருந்தே இல்லன்னா 100ல 15ல இருந்து 45 குழந்தைக்கு வர வாய்ப்பு இருக்கு, அம்மா மாத்திரைய விடாம எடுத்து, பொறந்த குழந்தைக்கும் மருந்து குடுத்தா 5க்கும் கீழ எறங்கிடும். குழந்தைக்கு 6 வாரத்துல மொத டெஸ்ட், 18 மாசத்துல கடைசியா உறுதி பண்ணுவாங்க, நடுவுல வர சொன்னா தவறாம தூக்கிட்டு போங்க.

நேர்ல போக தைரியம் வரலன்னா 1097க்கு போன் பண்ணுங்க, காசு இல்ல, தமிழ்ல பேசலாம், கிட்ட எந்த மையம்னு கேட்டுக்கோங்க. போற அன்னிக்கு காலைலயே போயிடுங்க, நம்பிக்கையான ஆள் ஒருத்தர கூட கூட்டிட்டு போங்க. இவன் கூட நான் போனேன்.