‘கு’ உருபு இல்லாத மொழியில் கொடுப்பது எப்படி

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்கி வந்த ஒருவர் ‘அம்மாவுக்குக் கொலுசு கொடுத்தேன்’ என்று சொன்னாலும், ‘கொலுசு கொடுத்தேன் அம்மாவுக்கு’ என்று சொன்னாலும், பெற்றவர் அம்மா என்பதில் கேட்பவருக்கு ஐயம் வருவதில்லை. ‘கு’ என்னும் நான்காம் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டு செல்வதால், சொல் எங்கே நின்றாலும் உறவு மாறாது. ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட உருபு இன்று இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை ஈறுகள் இருந்தன. அவை காலப்போக்கில் தேய்ந்து மறைந்தபோது, பெற்றவர் யார், பெற்ற பொருள் எது என்று காட்டும் பொறுப்பு, சொல் நிற்கும் இடத்துக்கும் ‘டு’, ‘ஃபார்’ போன்ற முன்னிடைச் சொற்களுக்கும் வந்து சேர்ந்தது. சேலத்தில் மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பிக்கும் நான், மாணவர்களின் இத்தகைய வாக்கியங்களில் திருத்துவதில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

கொடுத்தல், அனுப்புதல், காட்டுதல், சொல்லுதல், கற்பித்தல் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கில வினைகளை இரண்டு வழிகளில் ஆளலாம். முதல் வழியில் வினையை அடுத்துப் பெறுபவரும், அவருக்குப் பின் பொருளும் நிற்கும்: ‘ஐ கேவ் அம்மா எ ரிங்’. இரண்டாம் வழியில் பொருள் முன்னும், பெறுபவர் ‘டு’ என்ற சொல்லோடு பின்னும் நிற்பார்கள்: ‘ஐ கேவ் எ ரிங் டு அம்மா’. இரண்டையும் கலந்து ‘ஐ கேவ் டு அம்மா எ ரிங்’ என்று சொல்வதுதான் நம்மிடம் அதிகம் காணப்படும் பிழை. மனம் ‘கு’வுக்கு ஈடான ஒரு சொல்லைத் தேடுகிறது, ‘டு’ கிடைத்ததும் அதைப் பெறுபவருக்கு முன்னால் வைத்துவிடுகிறது. பெறுபவர் வினைக்கு அடுத்தே நின்றால் அந்த இடமே ‘கு’வின் வேலையைச் செய்துவிடும் என்பதை நினைவில் வைத்தால் ‘டு’ தானாக விலகும். ‘அவன் என்னிடம் சொன்னான்’ என்பதை ‘ஹி டோல்ட் டு மீ’ என்று சொல்வதும் இதே வகைப் பிழையே. ‘ஹி டோல்ட் மீ’ என்பதே போதும்.

இடம் மாறினால் பொருளே தலைகீழாகும் வாக்கியங்களும் உண்டு. ‘ஷோ தி டாக்டர் தி சைல்ட்’ என்றால் மருத்துவரிடம் குழந்தையைக் காட்டு என்று பொருள். ‘ஷோ தி சைல்ட் தி டாக்டர்’ என்றால் குழந்தைக்கு மருத்துவரைக் காட்டு என்றாகிவிடும்.

அடுத்ததாக, எங்கே ‘டு’, எங்கே ‘ஃபார்’ என்ற கேள்வி வருகிறது. இதற்கு நம் இலக்கணமே விளக்குப் பிடிக்கிறது. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் கூறும் பொருள்களில் கொடை என்பதும் பொருட்டு என்பதும் தனித்தனியே இடம்பெறுகின்றன. ‘மாணவனுக்கு நூல் கொடுத்தான்’ என்பது கொடை. ‘கூலிக்கு வேலை செய்தான்’ என்பது பொருட்டு. தமிழில் இரண்டையும் ஒரே ‘கு’ தாங்குகிறது. ஆங்கிலம் அவற்றைப் பிரித்துவிட்டது. பொருள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போவதையே வினை குறித்தால் அது கொடை; அங்கே ‘டு’ வரும். கிவ், செண்ட், ஷோ, லெண்ட், டெல், டீச் ஆகியவை இவ்வகை. முதலில் ஒரு செயல் நடந்து, அதன் பயன் பிறகு ஒருவரைச் சேர்ந்தால் அது பொருட்டு. அங்கே ‘ஃபார்’ வரும். பை, மேக், குக், ஃபைண்ட் ஆகியவை இந்தப் பக்கம். ஆகவே ‘தங்கைக்கு லீ பஜாரில் மாம்பழம் வாங்கினேன்’ என்பது ‘ஐ பாட் மேங்கோஸ் ஃபார் மை சிஸ்டர்’ ஆகும். ‘டு மை சிஸ்டர்’ ஆகாது. ‘அவளுக்கு’ என்ற இடத்தில் ‘அவளுக்காக’ என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். பொருள் கெடாமல் ஒட்டினால் ‘ஃபார்’. ‘அவளுக்காக அனுப்பினேன்’ என்பதுபோல வேறு பொருள் தொனித்தால் ‘டு’. என் மாணவர்களுக்கு எந்தப் பட்டியலையும்விட இந்தச் சோதனையே அதிகம் உதவியிருக்கிறது.

‘ஃபார்’ வரும் இடமெல்லாம் முதல் வழிக்கு மாறிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘ஷி மேட் மீ எ காஃபி’ சரி, ஏனெனில் காபி என் கைக்கு வருகிறது. ‘எனக்குக் கதவைத் திற’ என்பதை ‘ஓபன் மீ தி டோர்’ என்று சொல்ல முடியாது, ஏனெனில் கதவு எனக்குச் சொந்தமாவதில்லை. ‘ஓபன் தி டோர் ஃபார் மீ’ என்றே சொல்ல வேண்டும். பெறுபவர் உண்மையில் பெறக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற இதே விதியால்தான் ஊர்ப்பெயரும் வினைக்கு அடுத்த இடத்தில் நிற்பதில்லை. ஏற்காட்டிலிருந்து காப்பிக்கொட்டையைச் சேலத்துக்கு அனுப்பியவர் ‘ஐ செண்ட் தி காஃபி டு சேலம்’ என்று மட்டுமே சொல்லலாம். ‘ஐ செண்ட் சேலம் தி காஃபி’ என்றால், சேலம் என்பது ஓர் அலுவலகத்தையோ அங்கிருக்கும் ஆட்களையோ குறிப்பதாகிவிடும்.

இரண்டு வழிகளில் எதைத் தேர்வது? இந்தக் கேள்வியைப் பலர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள். நான் அப்படி விட மாட்டேன். தமிழில் ‘அம்மாவுக்குக் கொலுசு கொடுத்தேன்’ என்பதற்கும் ‘கொலுசை அம்மாவுக்குக் கொடுத்தேன்’ என்பதற்கும் நுட்பமான வேறுபாடு உண்டு. முன்னதில் அம்மாவைப் பற்றிய பேச்சு ஏற்கெனவே இருக்கிறது. கொலுசுதான் புதுச் செய்தி. பின்னதில் ‘ஐ’ உருபு ஏற்ற கொலுசு இருவருக்கும் தெரிந்த பொருள். அது யாருக்குப் போயிற்று என்பதே செய்தி. ஆங்கிலமும் தெரிந்ததை முன்னும் புதியதைப் பின்னும் வைக்கவே விரும்புகிறது. ஆதலால் நீங்கள் நினைக்கும் தமிழ் வாக்கியத்தில் பொருள் ‘ஐ’ ஏற்று முன்னால் நின்றால், பெரும்பாலும் ‘டு’ வரும் வழியே பொருந்தும். பொருளைக் குறிக்கும் சொல் ‘இட்’ என்றோ ‘தெம்’ என்றோ சுருங்கிவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. ‘கிவ் இட் டு ஹிம்’ என்பதையே பழகுங்கள். அதுபோலப் பெறுபவரைப் பற்றிய தொடர் நீண்டால், ‘அம்மாப்பேட்டையிலிருந்து நேற்று வந்த பெண்’ என்பது போன்றதானால், அதை வாக்கியத்தின் இறுதிக்குத் தள்ளிவிடுவது கேட்பவருக்கு எளிது.

சில வினைகள் முதல் வழியை ஏற்கவே ஏற்காது. எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட், இண்ட்ரொட்யூஸ், டொனேட், சே ஆகியவை அவற்றுள் அன்றாடம் வருபவை. ‘எக்ஸ்ப்ளெயின் மீ திஸ் சம்’, ‘சஜஸ்ட் மீ எ குட் ஹோட்டல்’ என்பவை நம் ஊரில் எங்கும் காதில் விழுகின்றன. ‘எக்ஸ்ப்ளெயின் திஸ் சம் டு மீ’ என்பதும், ‘சஜஸ்ட் எ குட் ஹோட்டல்’ என்று பெறுபவரை விட்டுவிடுவதும் சரியானவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு, இலத்தீன் வழியாகப் பெருகி வந்த நீண்ட வினைகளில் பல இவ்வாறு நடக்கின்றன. கிவ், செண்ட் போன்ற குறுகிய பூர்வீக வினைகளே இரு வழிக்கும் இணங்குகின்றன. ஆனால் இதை முற்றான விதியாகக் கொள்ளக் கூடாது. ‘சே’ பூர்வீகச் சொல்லாயினும் இணங்காது. ‘ப்ராமிஸ்’ வந்த சொல்லாயினும் இணங்கும்.

இதற்கு எதிரான ஒரு சிறு கூட்டமும் உண்டு. விலையைச் சொல்லும் ‘காஸ்ட்’, கட்டணத்தைச் சொல்லும் ‘சார்ஜ்’ ஆகியவை முதல் வழியில் மட்டுமே நடக்கும். புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஜங்ஷனுக்கு வந்த ஆட்டோக்காரர் 200 ரூபாய் கேட்டார் என்பதை ‘ஹி சார்ஜ்டு மீ டூ ஹண்ட்ரட் ருபீஸ்’ என்று சொல்ல வேண்டும். அங்கே ‘டு மீ’ சேராது.

செயப்பாட்டு வினையில் தமிழர்க்கு ஒரு தடை வருகிறது. ‘எனக்கு ஒரு டோக்கன் கொடுக்கப்பட்டது’ என்பதில் எழுவாய் டோக்கன். ஆங்கிலத்திலோ ‘ஐ வாஸ் கிவன் எ டோக்கன்’ என்று பெற்றவரே எழுவாயாவதுதான் இயல்பு. விண்ணப்பம் எழுதுவோர் தயங்காமல் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் ‘எக்ஸ்ப்ளெயின்’ போன்ற இணங்காத வினைகளில் இது நடக்காது; ‘தி ரூல் வாஸ் எக்ஸ்ப்ளெயிண்ட் டு மீ’ என்றே எழுத வேண்டும். ‘ஃபார்’ வகை வினைகளிலும் பெறுபவரை எழுவாயாக்காமல் இருப்பதே நல்லது, ஏனெனில் ‘ஐ வாஸ் மேட் எ காஃபி’ என்பது, காபியாகவே நான் ஆக்கப்பட்டேன் என்றும் பொருள்படும்.