கூடாரத்தைப் பூட்டாதீர்கள், சாமான்களைக் கோத்துப் பூட்டுங்கள்

கூடாரம் அடித்துத் தங்கும் முகாமை விட்டு வெளியே கிளம்பும்போது, சைக்கிளுக்குப் போடும் நீளமான கம்பிப் பூட்டு ஒன்றை மடக்கு நாற்காலியின் சட்டம், ஐஸ் பெட்டியின் கைப்பிடி, அடுப்பின் கால் என்று வரிசையாகக் கோத்து, தரையில் பதித்த மேசைக் காலில் சுற்றிப் பூட்டிவிடுங்கள். பணம், கேமரா போன்றவை காரின் டிக்கிக்குள் போகட்டும். அதையும் முகாமுக்கு வந்து சேரும் முன்பே செய்துவிட வேண்டும். எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து வைப்பது திருடனுக்கு வழிகாட்டுவதுதான்.

முகாம்களில் திருட்டு பெரும்பாலும் திட்டமிட்டு நடப்பதில்லை. ஆளில்லாததைப் பார்த்ததும் கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். ஒரு நாற்காலியைத் தூக்கினால் அடுப்பும் பெட்டியும் கடகடவென்று கூடவே இழுபடும் என்றால், அடுத்த கூடாரத்தைப் பார்க்கப் போய்விடுவார்கள் (அடுத்த கூடாரக்காரர் மன்னிக்கட்டும்). கூடாரத்தின் ஜிப்பில் தொங்கும் சின்னப் பூட்டோ நேர்மாறு: உள்ளே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். துணியைக் கிழிக்க ஒரு பேனாக்கத்தி போதும். பொருளோடு கூடாரமும் பாழ்.

கம்பி வெட்டும் கருவியோடு வருபவரிடம் இது செல்லாது. மேசைக் காலுக்குப் பதில் மரத்தில் சுற்றலாம் என்றால், மரத்தில் எதையும் கட்டக் கூடாது என்று சில முகாம்களில் விதி உண்டு. கரடி நடமாடும் காடுகளில் உணவுள்ள ஐஸ் பெட்டியை இப்படி வெளியே விடவே கூடாது. பற்பசை உட்பட மணமுள்ள எல்லாமே அங்கே வைத்திருக்கும் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும்.